அண்ணன் விட்ட எண்ணெய்

எங்கள் வீட்டில் பழுதாகாத பொருள் இல்லை. என் அண்ணன் கைவைக்காத பொருளும் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை என்னைத் தவிர வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தண்ணீர்க் குழாய்களும் பம்புகளும் விற்கும் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பொறுப்பாளர். தெருவில் அவரை 'இன்ஜினியர்' என்றுதான் அழைப்பார்கள். அது தெரு தானாகக் கொடுத்த பட்டம் என்பார். முதலில் அப்படி அழைத்தது யார் என்று ஒருமுறை வரிசையாக விசாரித்தேன். பால்காரர் காய்கறிக் கடைக்காரரைக் கைகாட்டினார். கடைக்காரர் எதிர்வீட்டுக்காரரைக் கைகாட்டினார். எதிர்வீட்டுக்காரர், "உங்க அண்ணன்தாங்க சொன்னாரு, எல்லாரும் என்னை இன்ஜினியர்னுதான் கூப்பிடுவாங்கன்னு" என்றார்.

சமையலறைக் குழாய் கசிந்தபோது அதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். ஆறு ஆண்டுகளாக அதன்கீழ் ஒரு வாளி நிற்கிறது. கூடத்து விளக்கைப் போட்டால் வாசல் மணி அடிக்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று முதல் சில மாதங்கள் நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். இவற்றுக்கெல்லாம் மேலான மருந்து ஒன்று அவரிடம் உண்டு. அது சமையல் எண்ணெய். கதவுக் கீல், பூட்டு, தையல் எந்திரம், குடைக் கம்பி என்று எது இறுகினாலும் அண்ணியின் எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி விடுவார். சுவர்க் கடிகாரத்துக்கும் விட்டார். அதன் முட்கள் வழுக்கிக்கொண்டு ஆறில் வந்து தொங்குகின்றன. அந்த எண்ணெய் சில வாரங்களில் தூசியோடு சேர்ந்து கறுத்துப் பிசினாகும். கரப்பான்கள் வந்து நக்கும். துடைப்பது அண்ணியின் வேலை. துடைத்து முடித்ததும் இவர் வந்து பார்த்து, "பாத்தியா, எண்ணெய் விட்டதும் எப்படிப் பளபளன்னு இருக்கு" என்பார்.

அவரும் அண்ணியும் மாடியில் வசிக்கிறார்கள். நான் கீழே. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலில் என் இடது கால் மெலிந்துவிட்டது; முழங்காலுக்குக் கீழே அதற்குப் பலம் கிடையாது. மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அண்ணன் என்னைப் 'பாப்பா' என்று அழைப்பார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் பணியாளர் வேனில் போய்வந்தேன். அதன் படி உயரம். என்னால் ஏற முடியாது. உதவியாளர்கள் இருவர் இறங்கிவந்து, ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து, "ஒன், டூ" என்று எண்ணித் தூக்கி உள்ளே வைப்பார்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கி வைத்ததும் இருவரும் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். ஒன்பது ஆண்டுகள், ஒரு நாளைக்கு இரண்டு முறை, அந்தத் துடைப்பைப் பார்த்தேன்.

அதனால்தான் கார் வாங்கினேன். கிளட்ச் இல்லாத, கியர் தானாக மாறும் கார். வலது கால் ஒன்றே போதும். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. காரோடு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். புரிந்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஓட்டுநர் உரிமம், மருத்துவச் சான்று, காப்பீடு, ஒவ்வொரு சர்வீஸ் ரசீது எல்லாம் ஒரே கோப்பில் தேதிவாரியாக இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் அந்தக் கார் எங்கும் கீறல்கூட வாங்கியதில்லை.

இந்த வகைக் காரை நிறுத்தி வைக்கும்போது கியர் லீவரை 'பி' என்ற எழுத்தில் விட வேண்டும். மறுபடி எடுக்கும்போது பிரேக்கை மிதித்தால்தான் லீவர் அங்கிருந்து விலகும். ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்து, லீவரை இழுத்தேன். அது அசையவில்லை. மூன்று முறை முயன்றேன். சுவரில் அடித்த ஆணி போல நின்றது.

அண்ணன் கையில் டீ கிளாஸோடு இறங்கி வந்தார்.

"என்ன பாப்பா, என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. பி-லேருந்து வர மாட்டேங்குது."

"தள்ளு. நான் பாக்கறேன்."

உட்கார்ந்தார். அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி வெறுந்தரையை இரண்டு முறை மிதித்தது. பிறகு ஒரு காலை டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு, லீவரை இரண்டு கைகளாலும் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல் இழுத்தார். உள்ளே ஏதோ முனகியது.

"நீ முரட்டுத்தனமாப் புடிச்சிருக்க," என்றார், இழுத்துக்கொண்டே. "வண்டின்னா கையில ஒரு பதவிசு வேணும்."

மதியம் அவருடைய நண்பரான மெக்கானிக் ஒருவர் வந்தார். எப்போதும் பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருப்பதால் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர். அன்று அதை அவர் வெளியே எடுக்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"யாருண்ணே ஓட்டினது?"

"தங்கச்சி."

"அதான்."

"அதான்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் என் அண்ணனைப் பார்த்து, "அக்கா ஏதோ கேக்கறாங்க" என்றார். பிறகு அவரிடமே தொடர்ந்தார்: "கியர்பெட்டி போச்சுண்ணே. இறக்கித்தான் பாக்கணும். இறக்கினா திரும்ப ஏறாது. பேசாம வந்த விலைக்குத் தள்ளி விட்டுடுங்க."

எதையும் எழுத்தில் வாங்காமல் விடுவது என் வழக்கமில்லை. சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டேன். சிரித்துக்கொண்டே என் நோட்டுத் தாளில் எழுதினார்: "கியர்பெட்டி சேதம். காரணம், தவறான கையாளுதல்." இது நான் செய்த பிழை. அந்தத் தாளை நான் கோப்பில் சேர்ப்பதற்குள் அண்ணன் தன் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் யாரிடமும் கேட்கவில்லை. உதவியாளர்கள் புதியவர்கள், முறை மட்டும் பழையது. ஒருவருடைய கையிலிருந்து ஈரத் துணியின் வாடை வந்தது. மற்றவர், "அக்கா, கொஞ்சம் மூச்சை அடக்கிக்குங்க, அப்பதான் லேசா இருக்கும்" என்றார். தூக்கினார்கள். வைத்தார்கள். துடைத்துக்கொண்டார்கள்.

வேன் எப்படி வந்தது என்பது பதினொரு மணிக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்கு வரும் கடிதங்கள் கோப்பில் சேர்வதற்காக என் மேசைக்குத்தான் வரும். அன்றைய கட்டில் நான்காவதாக இருந்தது என் அண்ணனின் கடிதம். திங்கட்கிழமை மாலையே நேரில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "என் தங்கை உடற்குறை உடையவர். கார் ஓட்டும் திறன் அவருக்கு இல்லாததால் கியர்பெட்டியைச் சேதப்படுத்திவிட்டார். இத்துடன் வல்லுநர் சான்று இணைக்கப்பட்டுள்ளது. அவரை இனி நிரந்தரமாக வேனில் அழைத்துச் செல்ல வேண்டுகிறேன்." கீழே கையெழுத்து; அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் 'பாதுகாவலர்'. ஸ்பேனர் எழுதிய தாளின் படம் இணைப்பாக இருந்தது. என் நோட்டின் கோடுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன.

கடிதத்துக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, உரிய கோப்பில் சேர்த்தேன். நகல் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் கேட்டபோது அவர் அசரவில்லை.

"உனக்காகத்தானே பண்ணேன்? தினம் உன்னை ரோட்டுல விட்டுட்டு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? வேன்ல ராணி மாதிரி போ."

"ராணியை யாரும் அக்குள்ல கைகொடுத்துத் தூக்க மாட்டாங்கண்ணே."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வச்சிருக்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்க அண்ணியோட தம்பி வந்து வண்டியை இழுத்துட்டுப் போறான். நீ விக்கிற பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடு."

கார் என் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்து போட முடியாது என்று சொல்லலாம். ஆனால் அசையாத காரை வாசலில் வைத்துக்கொண்டு நான் வேனில் ஏறிக்கொண்டிருந்தால், அந்த மறுப்புக்கு எத்தனை நாள் ஆயுள்? வியாழன் பத்து மணிக்குள் அது நகர வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை அந்தக் கைகள்தான்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். அண்ணன் வேலைக்குப் போனதும் என் நோட்டை எடுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தேன். லீவர் சிக்கிக்கொண்டால் என்னென்ன காரணமாக இருக்கலாம் என்று கையேட்டின் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்திலிருந்து எழுதிவைத்திருந்தேன். முதலில் பிரேக் விளக்கைப் பார்க்க வேண்டும். அது எரியாவிட்டால், பிரேக் மிதிபட்ட செய்தியே காருக்குத் தெரியவில்லை என்று பொருள். அண்ணியைக் கூப்பிட்டுக் காருக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

"எரியுதா அண்ணி?"

"எது?"

"செவப்பு லைட்டு."

"எரியுது. அணைஞ்சிடுச்சு. எரியுது. என்னம்மா, என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறியா?"

விளக்கு நன்றாக இருந்தது. அடுத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பிரேக்கை மிதித்தால், லீவருக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி கேட்க வேண்டும். அங்கே ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது, சோலனாய்டு என்பார்கள். பிரேக்கை மிதிக்கும்போது மின்சாரம் பெற்று விலகி, லீவருக்கு வழிவிடுவது அதன் வேலை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மிதித்தேன். ஒலி இல்லை. காதை லீவரின் அருகே கொண்டுபோனேன். அப்போதுதான் வாடை வந்தது.

அது கெட்டுப்போன பாலின் வாடை.

லீவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை, கையேட்டில் சொன்னபடி, தட்டையான திருப்புளியால் நெம்பி எடுத்தேன். அது சும்மா வரவில்லை. நூல் நூலாக எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. கீழே பார்த்தேன். பழுப்பும் கறுப்புமாக, உறைந்த சளியைப் போன்ற ஒரு கூழ் எல்லா இடத்தையும் நிரப்பியிருந்தது. அதில் எறும்புகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன; சாகாதவை செத்தவற்றின் மேல் நடந்துகொண்டிருந்தன. பிஸ்கட் துகள்கள் ஊறி உப்பியிருந்தன. ஒரு மூலையில், திணித்து வைத்ததுபோல் ஒரு துணிச்சுருள். இடுக்கியால் இழுத்தேன். வெளியே வந்தபோது அதன் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. கதவைத் திறந்து சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். துணியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு, அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டது.

"அது என்னோட பழைய தலையணை உறைதாம்மா," என்றார்.

"எப்படி இதுக்குள்ள வந்துச்சு அண்ணி?"

"போன மாசம் நீ பயிற்சிக்குன்னு மூணு நாள் வெளியூர் போயிருந்தல்ல... என் தம்பியைக் கூட்டிட்டு வரேன்னு மாத்துச் சாவியை எடுத்துட்டுப் போனாரு. கிளாஸ் டீயை அந்த லீவர் பக்கத்துலயே வச்சிருக்காரு. திருப்பத்துல மொத்தமும் உள்ள போயிடுச்சு. ரெண்டாவது நாளு லீவர் பிசுபிசுன்னு புடிக்குதுன்னு..."

"எண்ணெய் விட்டாரா?"

"ரெண்டு கரண்டி. அப்புறம் எண்ணெய் வழியுதுன்னு என்கிட்ட துணி கேட்டாரு. துடைக்கத்தான் கேக்கறாருன்னு குடுத்தேன். உள்ளயே விட்டுட்டு வருவாருன்னு நான் கண்டேனா? உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு வேற சொன்னாரு."

"நீங்களும் விடலையே."

"விடலைதான்," என்றார் அண்ணி. பிறகு மேலே போய் ஒரு பாத்திரம் வெந்நீரும், பஞ்சும், தன் வீட்டு ஸ்பிரிட் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். முதலில் கரண்டியால் வழித்தேன். ஒன்றரைக் கிண்ணம் வந்தது. சர்க்கரைக்கு வெந்நீர், எண்ணெய்க்கு ஸ்பிரிட், இடுக்குகளுக்குப் பஞ்சுக் குச்சி என்று மாற்றி மாற்றித் துடைத்தேன். பூட்டின் சிறு கை, பாகில் விழுந்த ஈயின் கால் போல ஒட்டிக்கிடந்தது. அதை விடுவிக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. என் விரலிடுக்குகளில், நகக்கண்களில், கடிகாரப் பட்டையில் அந்தப் பிசின் ஏறியது. அது என் அண்ணனின் வாய் பட்ட டீ என்ற நினைப்பை விரட்ட முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தேன். தலையணை உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தேதி எழுதினேன்.

மூன்றரை மணிக்கு எல்லாம் உலர்ந்தது. பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தேன்.

டிக்.

லீவர் ஒரு விரலுக்கே வந்தது. அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, இவ்வளவுதானா? இதுக்கா அந்தப் படுபாவி கியர்பெட்டி போச்சுன்னான்?"

வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். அண்ணன், அண்ணியின் தம்பி, ஸ்பேனர், இழுத்துச் செல்லும் வண்டியோடு அதன் ஓட்டுநர். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினைக் கிளப்பி, காரை வாசலில் முன்னும் பின்னுமாக மூன்று முறை நகர்த்தி, மறுபடி 'பி'யில் நிறுத்தினேன்.

அண்ணன் காரையும் இழுவை வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! நான் விட்ட எண்ணெய் இப்பதான் புடிச்சிருக்கு!"

"எந்த எண்ணெய்ண்ணே?" என்றேன். "எனக்குத் தெரியாம எப்ப விட்டீங்க?"

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "ஆமாக்கா, எண்ணெய் ஊறி இளகியிருக்கும். சில வண்டியில அப்படித்தான்."

"கியர்பெட்டி போச்சுன்னு எழுதினீங்க. இப்ப சொன்னதையும் எழுதிக் குடுங்க." தாளையும் பேனாவையும் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிளாஸ்டிக் பையைக் காட்டினேன். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ! இதையெல்லாம் எதுக்கு எடுத்து வச்சிருக்க? அருவருப்பா இருக்கு. உனக்கு இந்தக் குப்பை சேக்கிற புத்தி போகவே போகாதா?"

"அது என் தலையணை உறைங்க," என்றார் அண்ணி படிக்கட்டிலிருந்து.

"நீ உள்ள போ."

அண்ணி போகவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணியின் தம்பிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. "அப்ப வண்டி ஓடுது. இன்னும் நல்லதாப் போச்சு மாமா. கையெழுத்து வாங்குங்க, நானே ஓட்டிட்டுப் போயிடறேன்."

"கையெழுத்து போட மாட்டேன்," என்றேன். "மாத்துச் சாவியைக் குடுங்கண்ணே. அப்புறம், ஆபீசுக்குக் குடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

சாவியை எறிந்தார். அது என் மடியில் விழுந்தது. கடிதத்தைக் கேட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னடி லெட்டர்? வெளியில சொன்னாச் சிரிப்பாங்க. சோறு போட்டு வளத்தவன்கிட்ட எழுதி வாங்கறாளாம்!"

எழுதவில்லை. கூட்டம் கலைந்தது. இழுவை வண்டியின் ஓட்டுநர் மட்டும் போகும்போது, "எப்படிங்க சரி பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று மதியமே காரில் மருத்துவமனைக்குப் போய், வேன்களைக் கவனிக்கும் அலுவலரைப் பார்த்தேன். என் பெயரை நீக்கும்படி எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, அண்ணனின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது பாதுகாவலர் குடுத்த கடிதம் மேடம். அவரே எழுதி ரத்து பண்ணணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேப்பாங்க."

"எனக்கு நாப்பத்து மூணு வயசு சார்."

"தெரியும் மேடம். கோப்புல இருக்கு."

என் விண்ணப்பத்தை அவர் வாங்கிக்கொண்டதற்கு ஒப்புதல் முத்திரை பெற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு நினைவூட்டல்கள் அனுப்பிவிட்டேன். அவையும் கோப்பில் சேர்வதற்காக என் மேசைக்கே வருகின்றன. எண் போட்டுச் சேர்க்கிறேன்.

ஐந்து வாரங்கள் ஆகின்றன. தெருவில் அண்ணனுக்குப் பெயர் கூடியிருக்கிறது. கம்பெனிக்காரனே கைவிட்ட கியர்பெட்டியை இரண்டு கரண்டி எண்ணெயில் எழுப்பினார் என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். தன் ஸ்கூட்டரையும் அண்ணனிடம் கொண்டுவந்து காட்டினார். இப்போது அது கிளம்புவதில்லை. அண்ணி எண்ணெய்ப் பாத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

ஒவ்வொரு நாளும் காலை ஏழு நாற்பதுக்கு வேன் வந்து எங்கள் வாசலை அடைத்து நிற்கிறது. ஹாரன் அடிக்கிறார்கள். உதவியாளர்கள் இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கும்வரை அவர்கள் இறங்கியாக வேண்டும். நான் காருக்குள் இருப்பதைப் பார்த்து நிற்கிறார்கள். மாடியிலிருந்து அண்ணன், "எதுக்கும் ஒரு பத்து நாள் வந்து பாருங்கப்பா, எப்ப வேணா மறுபடி நின்னுடும்" என்று அவர்களுக்குக் குரல் கொடுக்கிறார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிரேக்கை மிதித்து, லீவரைப் பின்செல்லும் கியருக்குக் கொண்டுவருகிறேன். பின்விளக்கு எரிந்ததும் இருவரும் ஒதுங்குகிறார்கள். வேன் நகரும்வரை காத்திருந்து, காரைத் தெருவுக்கு எடுக்கிறேன்.